செகண்ட்ஸ்

இந்த வருடம் நூற்றைம்பது.
நிமிடத்துக்கு நூற்றைம்பது அடி விழாவிட்டால்
அவிநாசி ரோட்டில் ஒருவரும் தோளைக்கூட அசைப்பதில்லை.
போன வருடம் நூற்று முப்பத்தெட்டு போதுமாயிருந்தது.
அதற்கு முந்தி ஒரு ஐப்பசி முழுக்க
எல்லோரும் ஆசிட்டைப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இது பழகினதுதான்.
பகலில் நான் அங்கேரிபாளையத்தில் மெர்ச்சண்டைசர்.
அடுத்த கோடையில் ஐரோப்பா என்ன நிறம் உடுத்தும் என்று
இந்த ஆடியிலேயே மெயில் வந்துவிடும்.
கடுகு மஞ்சள் என்றார்கள்.
நாற்பதாயிரம் பீஸ், கட்டிங் முடிந்த அன்று
மஞ்சள் வேண்டாம் என்று ஒரே ஒரு வரி.
காதர்பேட்டையில் இப்போது நூறு ரூபாய்க்கு இரண்டு.
நொய்யலோரம் பந்தடிக்கிற பையன்கள் எல்லோர் மேலும் அதே மஞ்சள்,
இரண்டு அணிக்கும்.
யாருக்குப் பாஸ் கொடுப்பது என்று
எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உக்கடம்.
ஜைனுலாபுதீன் கடையில் மிக்ஸி ஜாருக்கும்
ஒற்றைக்கால் டேபிள் ஃபேனுக்கும் அடியில் ஒரு பெட்டி.
மேலே பக்திப் பாட்டு, கட்சிக் கூட்டப் பேச்சு.
கீழே பதினான்கு தட்டு, எல்லாம் பன்னிரண்டு அங்குலம்,
சாய மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர்
வாடகை பாக்கிக்கு விட்டுப்போனதாம்.
"அதுல பாட்டே இல்லம்மா, போட்டுப் பாத்துட்டேன்.
டொக்கு டொக்குன்னே போவுது.
போன வாரம் ஒருத்தர் கடியாரம் செய்யணும்னு
இருவது எடுத்துட்டுப் போனாரு."

அந்த இருபதில் என்ன இருந்தது என்று
இன்றைக்கும் இரவில் கணக்குப் போடுகிறேன்.

தட்டுக்கு எண்பது. பேரம் பேசி எழுபது.
எல்லாம் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு;
கிளாசிக் என்று கும்பிடும் அளவுக்குப் பழசில்லை,
கேலி செய்து ரசிக்கிற அளவுக்கு மோசமுமில்லை.
யாரும் தேடாத வருடங்கள்.
ஒன்றில் லேபிளே கிடையாது,
பேனாவில் யாரோ ஒரு ஃபோன் நம்பர் மட்டும்.
ஊசியை வைத்தேன். நூற்று இருபத்து நாலு.
மூன்றாம் நிமிடம் ஏதாவது நடக்கும் என்று பார்த்தேன்.
நடக்கவில்லை.
ஆறாம் நிமிடத்தில் ஒரு ஹை-ஹாட் வந்தது,
நைட் ஷிப்டுக்குப் பிந்தி வந்தவன்
சூப்பர்வைசர் கண்ணில் படாமல்
ஓரமாகப் போய் நின்றுகொள்வதுபோல.
அரை நூல் பிந்தித்தான் கடைசிவரை அடித்தது.
சரிசெய்திருக்கலாம். செய்யாமல் விட்டிருக்கிறான்.
சோறு வைக்க மறந்துபோனேன்.

சிபிச்சந்தரிடம் போட்டுக் காட்டினேன்.
"நல்லாத்தானுங்க்கா இருக்குது. ஆனா இப்ப ஓடாதுங்க."
ஓடாது என்றால் எது?
தட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பல்லடத்துக்குத் தெற்கே மூடிப்போன கோழிப் பண்ணையில் பார்ட்டி.
எனக்குக் கிடைத்தது கடைசி நாற்பது நிமிடம்.
லேபிள் இல்லாததைப் போட்டேன்.
பாதிப்பேர் சிகரெட்டுக்கு வெளியே போனார்கள்,
சிலர் காரை எடுத்தார்கள்.
மிஞ்சியது நாலு பேர்;
அப்புறம் ஜெனரேட்டர் பார்க்கிற சென்னியப்பன்,
ராத்திரி முழுக்க காதில் பஞ்சோடு வெளியே கிடந்தவர்,
உள்ளே வந்து ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றார்.
பஞ்சை எடுத்தார்.
"இதொண்ணுதான் அவசரப்படாமப் போகுதுங்க" என்றார்.
உடனே டீசல் பார்க்கப் போய்விட்டார்.

நேற்று சிபியின் மெசேஜ்.
வெளிநாட்டில் யாரோ பெரிய ஆள் வேகத்தைக் குறைத்துவிட்டாராம்.
நூற்று இருபத்து நாலு திரும்ப வருதுங்க்கா,
அந்த வெள்ளைத் தட்டைக் கொஞ்சம் கொடுங்களேன்.
அதே மத்தியானம் பையரின் மெயில்:
கடுகு மஞ்சள் துணி கையிருப்பு இருக்கிறதா?

இல்லை என்று பதில் போட்டேன், பையருக்கு.
சிபிக்கு இன்னும் போடவில்லை.

செக்கிங் டேபிளிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொண்டுவந்தேன்.
துணியில் தையல் விட்ட இடத்தைக் காட்ட ஒட்டுவது;
அது ஒட்டின பீஸ் கப்பல் ஏறாது.
தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி,
அந்த ஹை-ஹாட் பிந்தி வந்து நிற்கிற இடம் பார்த்து
நடுக் காகிதத்தில் ஒட்டினேன்,
ஃபோன் நம்பரின் ஏழுக்கு நேராக.